சைக்கிள் ஸ்டாண்டில் போட்ட மாத்திரை

அந்த வருடம் வைகாசி மாதக் கடைசியில் என் கழுத்தின் வலது பக்கத்தில், காதுக்குச் சற்றுக் கீழே, ஒரு நெறி கட்டியது. சொத்தைப் பல்லால் வந்திருக்கும் என்று நினைத்துப் பல் டாக்டரிடம் போனேன். பல்லில் ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார். சுண்டைக்காய் அளவில் இருந்தது மூன்று வாரத்தில் நெல்லிக்காய் அளவுக்கு வந்துவிட்டது. வலி கிடையாது. சாயங்காலம் ஆனால் மட்டும் உடம்பு கதகதவென்று இருக்கும். துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு ஆபீஸுக்குப் போய்வந்தேன். பிறகு ஊசியால் அதிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். காசநோய் என்று முடிவு வந்தது.

ஆவடியில் இருந்த அரசு சுகாதார நிலையத்து டாக்டரம்மா எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். நுரையீரலில் இல்லை, நெறியில் மட்டும்தான். இருமினாலும் தும்மினாலும் யாருக்கும் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. ஆறு மாதம், தினமும் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போட வேண்டும். கட்டி கரைந்துவிட்டது, உடம்பு தேறிவிட்டது என்று நடுவில் நிறுத்தக் கூடாது. இந்தக் கடைசி விஷயத்தை மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் தலையாட்டினேன். ஆனால் என் மனம் அதற்கு முன்னால் சொன்ன தட்டிலேயே நின்றுவிட்டது.

அப்போது நாங்கள் வெள்ளானூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் இருந்தோம். கணவருக்குப் பூந்தமல்லி பக்கம் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. காலை ஆறு மணிக்கே கம்பெனி பஸ் வந்துவிடும். மாமனார் காலமான பிறகு மாமியார் ஆரணியிலிருந்து எங்களோடு வந்து தங்கிவிட்டார். என்னிடம் முகம் சுளித்துப் பேசியவர் இல்லை. அடுப்படியை மட்டும் யாருக்கும் விட்டுத்தர மாட்டார். ஆனால் நோய் நொடி என்று எங்காவது பேச்சு வந்தால் அவரிடமிருந்து ஒரு கதை வரும். அவருடைய தம்பிக்கு வாலிபத்தில் டி.பி. வந்ததாம். இரண்டு மாதம் அவர் வீட்டில் தங்கியிருந்தானாம். "அவனுக்குத் தட்டு, டம்ளர் எல்லாம் தனி. கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்துப் பரண்மேல வெச்சிடுவேன்" என்பார். சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். கல்யாணமான இரண்டு வருடத்தில் இந்தக் கதையை மூன்று முறையாவது கேட்டிருப்பேன்.

சுகாதார நிலையத்திலிருந்து திரும்பும் வழியிலேயே கணவரிடம் சொல்லிவிட்டேன், அத்தைக்குத் தெரியக் கூடாது என்று. தானே பக்குவமாகச் சொல்லிவிடுவதாகச் சொன்னார். ஒட்டாது என்று டாக்டரே சொன்ன பிறகு என்ன பயம் என்று கேட்டார். டாக்டர் சொன்னது உங்களுக்கும் எனக்கும்தான், அத்தைக்கு இல்லை என்றேன். இன்னொரு தட்டு வீட்டுக்குள் வருவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. என் அம்மாவிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னால் அழுதுகொண்டே மாமியாருக்குப் போன் செய்துவிடுவாள்.

மாத்திரையை எங்கே வைத்து எப்போது போடுவது என்பது அடுத்த பிரச்சினை. எங்கள் வீட்டில் காலை நாலரை மணியிலிருந்து அடுப்படியில் விளக்கு எரியும். தண்ணீர் குடிக்கப் போனாலும் அத்தை திரும்பிப் பார்ப்பார். என் கைப்பையில் டிபன் டப்பாவையும் சாப்பாட்டு டப்பாவையும் வைப்பதும் அவர்தான். அதனால் மாத்திரை அட்டைகளை ஆபீஸ் டிராயரில் பூட்டிவைத்தேன். அந்தந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு ஸ்கூட்டர் டிக்கியில் மழைக்கோட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

தினமும் ஏழு மணிக்கு ஆவடி ஸ்டேஷன் பக்கத்து சைக்கிள் ஸ்டாண்டில் வண்டியை விடுவேன். பேர்தான் சைக்கிள் ஸ்டாண்ட், நிற்பதெல்லாம் பைக்கும் ஸ்கூட்டரும். அங்கேயே டிக்கியைத் திறந்து, தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூன்று மாத்திரையையும் விழுங்குவேன். செங்கல் நிறத்தில் பெரிய மாத்திரைகள். பிறகு ரயிலேறிப் பட்டரவாக்கத்தில் இறங்கி அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்து டிபன் சாப்பிடும்போது மணி எட்டரை ஆகிவிடும். வெறும் வயிறு என்கிற கணக்கும் சரியாக வந்தது. வீட்டில் டிபன் சாப்பிடாமல் கிளம்புவதில் அத்தைக்கு வருத்தம்தான். மீட்டிங் இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

அலாரம் வைக்க முடியாது. காலண்டரில் குறிக்க முடியாது. வண்டியை நிறுத்தும் இடம்தான் எனக்கு ஞாபகக் குறிப்பு. சக்கரம் ஸ்டாண்டுக்குள் நுழைந்ததும் கை தானாக டிக்கிக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமைதான் உதைத்தது. முதல் மாதம் இரண்டு ஞாயிறு தவறிவிட்டன. திங்கட்கிழமை டப்பாவைத் திறந்தால் மாத்திரை மீதி இருக்கும், அப்போதுதான் தெரியும். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமையும் காய்கறி வாங்குவதாகச் சொல்லிக்கொண்டு அங்கே போய் நின்றேன்.

முதல் வாரம் மோசம். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது. அப்படித்தான் போகும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தும் பார்த்ததும் பயந்துவிட்டேன். வாய் முழுக்கத் தகரத்தை நக்கியது மாதிரி ஒரு ருசி. நான்காம் நாள் மாத்திரை விழுங்கிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, ஸ்டாண்டின் சுவரோரமாகப் போய் வாந்தி எடுத்தேன். நிமிர்ந்தபோது பக்கத்தில் ஒரு பெண் சொம்பில் தண்ணீரோடு நின்றாள்.

அவள்தான் காலை வேளையில் அங்கே டோக்கன் கொடுப்பவள். பக்கத்திலேயே இருக்கும் சேக்காட்டுக்காரி. அவள் புருஷன் வீட்டார் அந்த ஸ்டாண்டைக் காண்டிராக்ட் எடுத்திருந்தார்கள். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். அதுவரை டோக்கன் வாங்கிக்கொண்டதைத் தவிர அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. வாயைக் கொப்பளிக்கச் சொல்லித் தண்ணீர் ஊற்றினாள். பிறகு குரலைத் தணித்துக் கேட்டாள்.

"எத்தினி மாசம்க்கா?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. அப்போது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம் வேறு. லேசாகச் சிரித்துவிட்டு நடந்துவிட்டேன். இல்லை என்று சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து எனக்கு அங்கே தனி மரியாதை. தகரக் கூரைக்கு அடியில், வெயில் படாத ஓரத்தில், என் வண்டிக்கு என்று ஓர் இடம் ஒதுக்கிவைத்தாள். அதை வேறு யாராவது பிடித்துவிட்டால் சண்டைக்குப் போவாள். "மாசமா கீற பொம்பள, வண்டிய தள்ளிகினு நிக்குமா?" என்று ஒரு நாள் ஒரு பெரியவரிடம் சத்தம் போட்டது என் காதில் விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டேன். நான் மாத்திரை விழுங்குவதைப் பார்த்துவிட்டு, சத்து மாத்திரை போட்டால் ஒமட்டும்தான், ஆனால் குழந்தைக்கு நல்லது என்று தைரியம் சொன்னாள். ஒரு சின்ன பாட்டிலில் நாரத்தங்காய் ஊறுகாய் கொண்டுவந்து கொடுத்தாள். அதை மதியம் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. அதனாலேயே கூச்சமாகவும் இருந்தது.

சொல்லிவிட வேண்டும் என்று தினமும் ரயிலில் நினைப்பேன். ஒரு நாள் தள்ளிப்போனது பத்து நாளானது. பத்து நாள் இரண்டு மாதமானது. உண்மையைச் சொன்னால் அவள் என்னைத் தொட யோசிப்பாளோ என்ற பயமும் இருந்தது. அத்தையைவிட இவளிடம் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பயம். அங்கே வண்டியை விட முடியாமல் போனால் மாத்திரை போட எனக்கு வேறு இடம் இல்லை.

மூன்றாம் மாதம் நெறி விரலுக்குத் தட்டுப்படாமல் போனது. சாயங்காலக் காய்ச்சல் நின்றுவிட்டது. எடை கூடியது. துப்பட்டாவைக் கழுத்திலிருந்து இறக்கித் தோளில் போட்டுக்கொள்ள ஆரம்பித்தேன். மாத்திரையால் முட்டி வலியும் காலை நேரத்துக் குமட்டலும் மட்டும் மிச்சம் இருந்தன.

தீபாவளிக்குக் கள்ளக்குறிச்சியில் அம்மா வீட்டுக்குப் போனோம். டப்பாவை டிக்கியிலிருந்து எடுத்துவர மறந்துவிட்டேன். பஸ் திண்டிவனம் தாண்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது. பிறகு, நாலு நாள்தானே என்று நினைத்துக்கொண்டேன். அந்த நாலு நாளும் காலையில் எழுந்ததும் காபி குடித்தேன். வாயில் தகர ருசி இல்லை. முட்டி வலிக்கவில்லை. அதிரசம் அதிரசமாகவே ருசித்தது. கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை.

திரும்பி வந்த முதல் நாள் வண்டியை ஸ்டாண்டில் விட்டேன். டிக்கியைத் திறக்கவில்லை. நிறுத்திவிடுவது என்று நான் முடிவு எதுவும் செய்யவில்லை. நாளைக்குப் போடலாம் என்று நினைத்தேன், அவ்வளவுதான். மறுநாளும் அதையே நினைத்தேன். கணவர் கேட்டபோது போட்டேன் என்றேன். மாத்திரை போடுகிறேனா என்று சுகாதார நிலையத்திலிருந்து அவ்வப்போது விசாரிக்கும் பையன் போன் செய்தபோதும் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்றேன். பொய் சொல்வது இவ்வளவு சுலபமாக இருந்தது எனக்கே ஆச்சரியம்.

ஸ்டாண்டுக்காரி அந்த வாரம் முழுக்க என்னிடம் பேசவில்லை. டோக்கனைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காய்ச்சலில் கிடந்து எழுந்தவள் மாதிரி இருந்தாள். வீட்டில் ஏதோ தகராறு என்று நினைத்தேன். மாத்திரை நின்று பதினோராவது நாள் காலையில் நான் ஸ்டேஷன் படியை நோக்கி நடக்கும்போது பின்னாலேயே ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உடுக்கா. மனச உட்டுடாத. அடுத்தது நல்லபடியா நிக்கும்" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. மசக்கை என்று அவள் நினைத்தது நாலு மாதத்துக்கு முன்னால். என் வயிறு அப்படியே இருக்கிறது. தினமும் போட்ட மாத்திரையும் தீபாவளிக்கு ஊருக்குப் போய்வந்ததிலிருந்து நின்றுவிட்டது. பார்ப்பவள் வேறு எப்படி நினைப்பாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

"எங் கண்ணுதான் பட்டுடிச்சோன்னு சோறே எறங்கலக்கா. கல்யாணமாயி ஆறு வருசமாவுது, எனுக்கு ஒண்ணும் நிக்கல. டெய்லி உன்னியே பாத்துகினு இருந்தனா, அதான்."

அந்த இடத்தில், ரயிலுக்கு ஓடுகிற கூட்டம் எங்கள் இரண்டு பக்கமும் பிரிந்து போய்க்கொண்டிருக்க, அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆறு வருடம் குழந்தைக்காகக் காத்திருக்கிறவள், இல்லாத என் குழந்தைக்குத் தகரக் கூரையில் நிழல் பார்த்துக் கொடுத்திருக்கிறாள். இப்போது அது போனதற்குத் தன் கண்தான் காரணம் என்று பட்டினி கிடக்கிறாள். நான் அன்று இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

அவளை ஸ்டாண்டுக்குள்ளேயே திரும்ப அழைத்துப் போனேன். டோக்கன் மேஜைக்குப் பின்னால் இருந்த பெஞ்சில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் மாசமாகவே இல்லை. கழுத்தில் கட்டி வந்தது. அது டி.பி. என் மாமியாருக்குத் தெரியாமல் இருக்கத்தான் இங்கே வந்து மாத்திரை போடுகிறேன். டி.பி. என்ற வார்த்தையைச் சொல்லும்போது என்னை அறியாமல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன்.

அவள் என் வயிற்றையும் கழுத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப கொயந்தைக்கு ஒண்ணும் ஆவல."

"குழந்தையே இல்லைம்மா."

"எங் கண்ணு படல."

"இல்ல. என் தப்புதான். நான் உங்கிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பைக்கில் வந்த ஒருவர் டோக்கனுக்காக ஹாரன் அடித்ததும் எழுந்து போய்க் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அந்த நோய் ஒட்டுமா என்று நேராகவே கேட்டாள். கழுத்தில் வந்தது ஒட்டாது என்றேன். சரி என்று அதை அத்தோடு விட்டுவிட்டாள். நான் நாலு மாதமாகப் பயந்த கேள்வி அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது. பிறகுதான் அவள் அடுத்ததைக் கேட்டாள்.

"அப்ப ஏன்க்கா இப்ப மாத்திர போடல?"

"சரியாயிடுச்சு. கட்டி கரைஞ்சிடுச்சு."

"டாக்டரு நிறுத்தச் சொன்னாரா?"

என் கண் டிக்கிக்குப் போனது. அவள் எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, அடுத்த வண்டிக்கு டோக்கன் கிழிக்கப் போனாள். நான் டிக்கியைத் திறந்தேன். பதினோரு நாளாக அங்கேயே கிடந்த டப்பாவைக் கையில் எடுத்தேன். ஆனால் இத்தனை நாள் விட்டதை அப்படியே தொடரலாமா, கூடாதா என்று தெரியவில்லை. பயமாக இருந்தது. ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு டப்பாவோடு சுகாதார நிலையத்துக்குப் போனேன்.

டாக்டரம்மா கத்துவார் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தேன். அவர் கத்தவில்லை. எத்தனை நாள் என்று கேட்டார். பதினொன்று என்றேன். கழுத்தை இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தார், எடை பார்க்கச் சொன்னார், என் சிகிச்சை அட்டையில் எழுதினார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டி வந்திருக்கலாம், நோய் மருந்துக்கு அடங்காத மாதிரியும் ஆகியிருக்கலாம் என்றார். இப்போதைக்கு விட்ட நாட்களைக் கடைசியில் சேர்த்துக்கொண்டு தொடர்ந்து போட வேண்டும். "தானா வந்து சொன்னீங்களே, அதுவே நல்லது. இப்பவே போடுங்க" என்று ஒரு டம்ளர் தண்ணீரை நகர்த்தினார். அவர் எதிரிலேயே மூன்றையும் விழுங்கினேன். வாயில் அதே தகர ருசி வந்தது. அன்றைக்கு அது எனக்குக் கசக்கவில்லை. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று கணவருக்குப் போன் செய்து நான் சொன்ன பொய்யையும் சொல்லிவிட்டேன். அவர் சாயங்காலம் சீக்கிரம் வருவதாக மட்டும் சொன்னார்.

மறுநாள் ஸ்டாண்டுக்காரி என்னைப் பார்க்கவே இல்லை. டோக்கனை மேஜையில் வைத்து நகர்த்தினாள். கோபம் அப்போதுதான் வந்திருக்க வேண்டும். வர வேண்டியதுதானே. நான் அவளுக்கு எதிரிலேயே நின்று மாத்திரையைப் போட்டுவிட்டுப் போனேன். மூன்றாம் நாள் டோக்கன் தரும்போது "போட்டியா?" என்று மட்டும் கேட்டாள். அதன் பிறகு அதுவே வழக்கமாயிற்று. என் வண்டிக்கு ஒதுக்கிய இடத்தையும் அவள் மாற்றவில்லை.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் பெய்ததில் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி ரயில் நின்றது. ஆபீஸில் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லிவிட்டார்கள். மாத்திரை கீழே டிக்கியில் இருந்தது. இரண்டு நாள், மழைநீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பதாகச் சொல்லி அதிகாலையில் கீழே இறங்கிப் போய் நனைந்துகொண்டே போட்டுவிட்டு வந்தேன். இரண்டாம் நாள், என் தலையைத் துவட்டிவிட்டுக்கொண்டே, தண்ணீரைப் பார்க்க ஜன்னல் போதாதா என்று அத்தை கேட்டார்.

மூன்றாம் நாள் கீழ்த்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர். நான் லேப்டாப்பில் மீட்டிங்கில் மாட்டிக்கொண்டிருந்தேன். குடியிருப்புக்காரர்கள் வண்டிகளை எல்லாம் தள்ளி மேட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு அத்தை எப்போது கீழே போனார் என்றே எனக்குத் தெரியாது. மீட்டிங் முடிந்து ஹாலுக்கு வந்தேன். புடவை முழங்கால்வரை நனைந்திருக்க, அத்தை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வண்டியின் ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ் தாள், மழைக்கோட்டு எல்லாம் தரையில் பரப்பியிருந்தன. அந்த பிளாஸ்டிக் டப்பா மட்டும் அவர் மடியில் இருந்தது. மூடி திறந்திருந்தது.

"வண்டிய மேல ஏத்தியாச்சு. உள்ள இருந்த பேப்பரெல்லாம் நனையக் கூடாதுன்னு எடுத்தாந்தேன்" என்றார். பிறகு அட்டையைத் தூக்கிக் காட்டினார். "இது யாருக்கு?"

எனக்குத்தான் என்றேன். நின்றபடியே சொல்லி முடித்தேன். இத்தனை நாள் மனதுக்குள் ஒத்திகை பார்த்த வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. நெறி, ஆறு மாதம், ஒட்டாது, ஒட்டவே ஒட்டாது என்று துண்டு துண்டாக வந்தது.

"எங்க போட்டுக்கிட்டு இருந்த?"

"ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டுல."

அவர் அட்டையை உள்ளே வைத்து டப்பாவை மூடினார். திட்டுவார் என்று நினைத்தேன். இல்லையென்றால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"என் தம்பிக்குத் தட்டு தனியா வெச்சேன்னு சொல்லியிருக்கேன் இல்ல. அவன் ஒரு நா பரண்ல இருந்து அந்தத் தட்ட அவனே எடுத்துக் கழுவி வெச்சிட்டு, சொல்லாமக் கொள்ளாமக் கெளம்பிட்டான். எங்க தங்கினானோ, எங்க மருந்து சாப்பிட்டானோ. பொழச்சிக்கிட்டான், அது கடவுள் புண்ணியம். திருப்பூர்ல பேரன் பேத்தியோட இருக்கான். ஆனா இன்னிக்கும் என் வீட்டுக்கு வந்தா தண்ணியக் குடிச்சிட்டு எழுந்துடுவான். ஒரு வாய் சோறு சாப்பிட்டதில்ல."

அந்தக் கதையை இத்தனை முறை கேட்டும், அந்தத் தம்பி என்ன ஆனார் என்று நான் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. அத்தை அதைப் பெருமையாகச் சொல்கிறார் என்றே இரண்டு வருடமும் நினைத்திருந்தேன். நான் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். புடவையிலிருந்து சொட்டிய தண்ணீர் என் மேல் பட்டது. கொஞ்ச நேரம் கழித்து, ஈரப்புடவையோடு உட்கார்ந்தால் ஜுரம் வரும் என்று நான்தான் அவரை எழுப்பினேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஹால் மேஜையில் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரும் டப்பாவும் இருந்தன. நான் விழுங்கும்வரை அத்தை பக்கத்தில் நின்றார். சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரில் அந்த நாளின் தாளைக் கிழித்து, கணக்குக்கு வைத்துக்கொள் என்று என் கையில் கொடுத்தார். மழையால் அன்று கணவருக்கும் கம்பெனி பஸ் வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்து, எங்கள் மூவருக்கும் எப்போதும் போடுகிற தட்டுகளிலேயே இட்லி வைத்தார். நான் எதையும் பார்க்காதது மாதிரி சாப்பிட்டேன். அத்தை வைத்த சாம்பாரில் உப்பு கொஞ்சம் கூடுதலாக இருந்தது. கணவர் அதைச் சொல்ல வாயெடுத்ததும் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன்.

மழை விட்டு ரயில் ஓட ஆரம்பித்ததும் ஸ்டாண்டுக்காரியிடம் சொன்னேன், இனிமேல் வீட்டிலேயே போட்டுக்கொள்வேன் என்று. அவள் முகத்தில் ஒரு வாட்டம் தெரிந்தது. பிறகு, "ஊட்லயே துன்னுட்டு வா, அதான் நல்லது. ஆனா எங்கிட்டயும் சொல்லிட்டுப் போ" என்றாள். அப்படியே செய்தேன். இரண்டு பேருக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருந்ததால் அதன் பிறகு ஒரு நாள்கூடத் தவறவில்லை. டிக்கியைத் திறக்கும்போது யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கும் பழக்கம் மட்டும் போகச் சில வாரங்கள் ஆயின.

தை பிறந்து, பொங்கல் முடிந்து, விட்ட நாட்களும் சேர்ந்து கழிந்தன. கடைசி நாள் சுகாதார நிலையத்துக்கு அத்தையும் வருவேன் என்றார். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து என் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அதற்கு முன் அவர் என் வண்டியில் ஏறியதில்லை. டாக்டரம்மா கழுத்தைத் தடவிப் பார்த்தார், ஸ்கேன் தாளைப் பார்த்தார், என் அட்டையில் சிகிச்சை முடிந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கொஞ்ச நாள் கழித்து ஒரு முறை வந்து காட்டினால் போதும், மாத்திரை இனி வேண்டாம் என்றார். அத்தை அவரிடம் இதையே இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். நெஞ்சிலிருந்து எதையோ இறக்கி வைத்தது மாதிரி எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே தூக்கம் வந்தது.

வெளியே வந்ததும் பசிக்கிறது என்றார் அத்தை. ஆவடி பஸ் நிலையத்துக்கு எதிரே தள்ளுவண்டியில் மிளகாய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்கள். தெருவில் நின்று சாப்பிடுகிறவர் இல்லை அவர். அன்றைக்கு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரே இலைத் துண்டில் சட்னியை ஊற்றச் சொல்லி, இரண்டு பேரும் அதில் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டோம். காரத்தில் அவருக்கு மூக்கில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த நேரத்தில் கணவர் போன் செய்தார். என் கை எண்ணெயாக இருந்ததால் அத்தைதான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துக் காதில் வைத்தார்.

"முடிஞ்சிடுச்சாம்பா. இனிமே மாத்திரை இல்லையாம். நாங்க ரெண்டு பேரும் பஜ்ஜி சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம், அப்புறமாப் பேசு" என்று சொல்லி வைத்துவிட்டார்.